‘என் கணினியில் ஓடுதே ஐயா!’ – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே புலம்பல். எழுதியவர் கணினியில் நிரல் ஓடுகிறது, அடுத்தவர் கணினியில் கம்பைல் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) ஆகவே மாட்டேன் என்கிறது. எனக்கு இது பழைய தலைவலி. பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் 22 வருடம் சோதனைக் கருவிகளுக்கு நிரல் எழுதினேன். இப்போது பாடாங் செராயில் கணினி பழுது பார்க்கும் கடை. கடைக்குப் பின்னால் நாலு மேசை போட்டிருக்கிறேன், சாயங்காலம் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவதும் இதே விஷயத்தில்தான். ஆகவே பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். கைப்பேசி சூடாவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, சி மொழியில் ஒரு புராஜெக்ட் செய்தேன். என் உபுண்டு (லினக்ஸ்) மடிக்கணினியில், கம்பைல் வேலைகளை வரிசையாகச் செய்யும் ‘மேக்’ கருவியின் பேரைத் தட்டினால் போதும், எல்லாம் நடக்கும். விரிவுரையாளர் விண்டோஸ் வைத்திருப்பதால், பழைய கோப்புகளை அழிக்கும் இடத்தில் ‘விண்டோஸ் என்றால் டெல், இல்லையென்றால் ஆர்எம்’ என்று மேக்ஃபைலில் (மேக் வாசிக்கும் கட்டளைக் கோப்பு) பிரித்து எழுதினேன். அப்படியும் அவர் கணினியில் ‘டெல் என்றொரு கட்டளை இல்லை’ என்று வருகிறது. விண்டோஸில் டெல் இல்லையா?
– பாலிடெக்னிக் மாணவர், கூலிம்

இருக்கிறது தம்பி. ஆனால் டெல் தனியாக ஒரு நிரல் இல்லை. சிஎம்டி என்கிற கறுப்புத் திரைக்குள்ளேயே அடங்கிய கட்டளை அது. உன் விரிவுரையாளர் கிட் பாஷ் (விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகளைத் தட்ட உதவும்) திரையைத் திறந்து, அங்கிருந்து ‘மேக்’ தட்டியிருப்பார். விண்டோஸில் ஓடும் குனூ மேக், நிரல்களைத் தேடும் பாதையில் எங்காவது யூனிக்ஸ் ஷெல் (கட்டளைகளை வாசித்து நடத்தும் நிரல்) தென்பட்டால் கட்டளைகளை அதனிடம்தான் கொடுக்கும். அந்த ஷெல்லுக்கு ஆர்எம் தெரியும், டெல் தெரியாது. ‘இது விண்டோஸா?’ என்று உன் மேக்ஃபைல் கேட்டது. ‘ஆமாம்’ என்று பதில் வந்தது. பதிலில் பொய் இல்லை, கேள்விதான் தப்பு. நீ கேட்டிருக்க வேண்டியது, ‘என் கட்டளையை யார் வாசிக்கப் போகிறார்கள்?’ என்று.

நானும் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்தான். எங்கள் ஊரில் செம்பனைப் பழம் வாங்கும் இடம் ஒன்றுக்கு எடைச் சீட்டு அடிக்கும் நிரல் எழுதிக் கொடுத்தேன். லோரி வரும், நிறுப்பார்கள், சீட்டு அடிக்கும், அவ்வளவுதான் வேலை. என் மேசையில் லினக்ஸ், அங்கே கிராணி மேசையில் விண்டோஸ், நிறுக்கும் கொட்டகையில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி, விடுமுறைக்கு வரும் என் மகளிடம் ஆப்பிளின் மேக் கணினி. நாலு கணினிக்கும் ஒரே மூல நிரல். முதலில் நானும் ஒவ்வொன்றிடமும் ‘நீ யார்? உன் பேர் என்ன?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். பேரை நம்பியதில் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தேன்.

மகளின் மேக்கில் ‘ஜிசிசி’ என்று கம்பைலரின் பேரைத் தட்டினால் வருவது ஜிசிசியே இல்லை. அந்தப் பேரில் ஆப்பிள் உட்கார வைத்திருப்பது கிளாங் என்ற வேறு கம்பைலர். சரி, நிரலுக்குள் இருந்து விசாரிப்போம் என்று பார்த்தால், ஜிசிசி தன்னை அறிவிக்க வைத்திருக்கும் அதே மேக்ரோவை (நிரலுக்குள் தெரியும் அடையாளச் சொல்) கிளாங்கும் வைத்திருக்கிறது. போதாததற்கு, ‘நான் பதிப்பு 4.2’ என்றும் சொல்லிக்கொள்கிறது. விண்டோஸில் ‘வின்32’ என்ற அடையாளம் 64 பிட் கணினியிலும் அப்படியே இருக்கும். சீட்டில் நேரம் அச்சடிக்க ‘லோக்கல்டைம்_ஆர்’ என்ற ஃபங்ஷன் வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது இல்லை என்பதால் ‘விண்டோஸ் என்றால் இல்லை’ என்று எழுதி வைத்தேன். பிறகு விண்டோஸில் ஓடும் ஜிசிசியான மிங்டபிள்யூ போட்டுப் பார்த்தால் சில அமைப்புகளில் அது இருக்கிறது! நானே எழுதிய மாற்று ஃபங்ஷனும் அதுவும் மோதிக்கொண்டன.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். வேறு தோட்டத்துக்கு மாறிப் போனால், முதல் நாள் கங்காணி வந்து ‘இதெல்லாம் இளமரம், பட்டை மெல்லிசு’ என்று சொல்வார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அப்புறம் ஒரு மரத்தில் கத்தியை லேசாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிரையில் இறங்குவார். பில்ட் ஸ்கிரிப்டும் (நிரலைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) அப்படி இறங்க வேண்டும். ஐந்து வரியில் ஒரு குட்டி சி கோப்பு எழுது. அதில் ‘லோக்கல்டைம்_ஆர்’ ஐக் கூப்பிடு. கம்பைல் செய், லிங்க்கும் (லைப்ரரிகளோடு இணைப்பது) செய். இரண்டும் தேறினால் இருக்கிறது, தேறாவிட்டால் இல்லை. கணினியின் பேர் என்ன என்ற பேச்சே அங்கே வராது. ஆட்டோகான்ஃப் என்ற கருவி 1991 முதல் இதைத்தான் செய்கிறது. ‘கான்ஃபிகர்’ ஓடும்போது ‘செக்கிங்… செக்கிங்…’ என்று வரி வரியாக ஓடுவதைப் பார்த்திருப்பாய். ஒவ்வொரு வரியும் ஒரு சின்னச் சோதனை. சிமேக் என்ற பில்ட் கருவியிலும் இதற்கென்று தனிக் கட்டளைகள் உண்டு. கம்பைல் ஆனதோடு விட்டுவிடாதே. ஃபங்ஷனின் அறிவிப்பு ஹெடர் கோப்பில் இருந்தும் லைப்ரரியில் (ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஆள் இல்லாத கதை உண்டு, அது லிங்க் செய்யும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

கணித லைப்ரரியும் இதே மாதிரிதான். லினக்ஸில் வர்க்கமூலம் போட ‘-எல்எம்’ சேர்க்க வேண்டும், அதுவும் வரிசையின் கடைசியில். ஆப்பிள் மேக்கில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒன்றுதான். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு அது என்னவென்றே தெரியாது, எச்சரித்துவிட்டு ஒதுக்கிவிடும். ஆகவே ‘எம் என்று ஒரு லைப்ரரி இருக்கிறதா’ என்று தேடிப் பார், இருந்தால் சேர்.

ஓர் இடத்தில் மட்டும் பேரைக் கேட்டே ஆக வேண்டும். எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ‘-வால்’ ஆப்ஷன் அது. (பிள்ளைகள் இதைப் படித்துச் சிரிக்காத நாள் இல்லை.) ஜிசிசியில் இதற்கு ‘எல்லாம்’ என்று பேர் இருந்தாலும் எல்லாம் வராது, முக்கியமானவைதான் வரும். இன்னும் சிலவற்றுக்கு ‘-வெக்ஸ்ட்ரா’ போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரும் அதே எழுத்துகளை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் அங்கே நிஜமாகவே எல்லாம் வரும். கூடவே வரும் ஹெடர் கோப்புகளைப் பற்றியே பக்கம் பக்கமாகப் புகார் கொட்டும். அங்கே ‘/டபிள்யூ4’ போதும். ‘இந்த ஆப்ஷனை ஏற்றுக்கொள்கிறாயா’ என்று மட்டும் சோதித்தால் இரண்டும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லும். சொல் ஒன்று, பொருள் இரண்டு. எந்தக் குடும்பத்துக் கம்பைலர் என்று விசாரித்துப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

உன் டெல் பிரச்சினைக்குக் கடைசியில் மருந்து: சிமேக் போட்டிருந்தால் ‘சிமேக் -ஈ ஆர்எம்’ என்று எழுது. 3.17 பதிப்பிலிருந்து இருக்கிறது, மூன்று அமைப்பிலும் ஒரே மாதிரி அழிக்கும். ஷெல் யாராக இருந்தாலும் கவலை இல்லை.

மேக்ஃபைலில் இடைவெளி விட்டால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்கிறது, டேப் போட்டால் சரியாகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதானே? யார் இப்படி வைத்தார்கள்?
– சுங்கைப்பட்டாணி வாசகி

பெல் ஆய்வகத்தில் 1976இல் மேக் எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன்தான். டேப்பை வைத்தது அவசரத்தில். சில வாரத்திலேயே பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் கோப்புகளைக் கெடுக்க வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். பன்னிரண்டு பேர் மனம் கோணக்கூடாது என்று பார்த்ததில் இன்றைக்கு நீங்களும் நானும் மாட்டிக்கொண்டோம். எடிட்டரில் டேப்பைக் கண்ணுக்குக் காட்டும் வசதி இருக்கும், அதைப் போட்டு வையுங்கள்.

விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸுக்குக் கொண்டுபோனால் ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்று சொல்லி, பாஷ் என்ற பேருக்குப் பின்னால் ஒரு கூரையும் எம் எழுத்தும் காட்டுகிறது. நான் எம் எழுதவே இல்லை.
– கோலக்கெட்டில் வாசகர்

உங்கள் எடிட்டர் எழுதியிருக்கிறது. தோட்ட ஆபீஸில் கிராணி தட்டச்சு செய்வதைச் சின்ன வயதில் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். வரி முடிந்ததும் ஒரு கைப்பிடியை இழுப்பார். வண்டி வலப்பக்கம் போய் எழுத்து விழும் இடம் இடது ஓரத்துக்குத் திரும்பும், தாள் ஒரு வரி மேலே ஏறும். ஓர் இழுப்பில் இரண்டு வேலை. டெலிபிரின்டர் இயந்திரங்களில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தார்கள். டாஸும் அதன் பிள்ளை விண்டோஸும் வரி முடிவில் இரண்டையும் எழுதுகின்றன. யூனிக்ஸ் வழி வந்தவை இரண்டாவதை (எல்எஃப்) மட்டும் எழுதும். அந்த முதல் குறியீடுதான் உங்களுக்குக் கூரை போட்ட எம்மாகத் தெரிகிறது. ‘பாஷ்’ என்ற நிரலைத் தேடாமல் ‘பாஷ்-எம்’ என்ற ஆளைத் தேடுகிறது, கிடைக்குமா?

கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பயன்படுத்தினால் ‘கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு வரி முடிவு ‘எல்எஃப்’ என்று ஒரே ஒரு வரி எழுதி, புராஜெக்டோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொருவர் கணினியிலும் போய்த் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. உபுண்டுவில் 6.10 பதிப்பிலிருந்து ‘எஸ்ஹெச்’ என்றால் பாஷ் இல்லை, டேஷ் என்ற வேறு ஷெல். பாஷுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்பை எழுதிவிட்டு முதல் வரியில் ‘எஸ்ஹெச்’ என்று போட்டால் அதுவும் அடி வாங்கும். ‘செட் -ஐ’ (எஸ்-இ-டி என்ற திருத்தும் கட்டளை) என்று கோப்பை அங்கேயே திருத்தும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஆப்பிள் மேக்கில் வேறு மாதிரி அடி காத்திருக்கிறது. அங்கே அந்த ஆப்ஷனுக்கு அடுத்து வருவதைக் காப்புக் கோப்பின் பின்னொட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு கோப்பைப் படித்துத் திரையில் காட்டும் நிரல். மடிக்கணினியில் ஒழுங்காக நிற்கிறது. ராஸ்பெர்ரி பையில் கோப்பு முடிந்தும் நிற்காமல் ஓடுகிறது. கம்பைலர் இரண்டிலும் ஜிசிசிதான். பை கெட்டுப் போய்விட்டதா?
– படிவம் 5 மாணவர், லூனாஸ்

பை நன்றாக இருக்கிறது தம்பி. ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் ‘கெட்சார்’ கொடுப்பதை ‘சார்’ (எழுத்து) வகை மாறியில் வாங்கியிருக்கிறாய், சரியா? கோப்பு முடிந்தால் அது -1 கொடுக்கும். உன் மடிக்கணினியின் இன்டெல் சிப்பில் ‘சார்’ மைனஸ் எண்ணைத் தாங்கும். ராஸ்பெர்ரி பையின் ஏஆர்எம் லினக்ஸில் ‘சார்’ 0 முதல் 255 வரைதான். -1 போய் 255 ஆகிவிடும். 255 என்றைக்கும் -1க்குச் சமமாகாது, ஆகவே முடிவே இல்லை. மாறியை ‘இன்ட்’ என்று மாற்று, தீர்ந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நிறுக்கும் கொட்டகையில் சீட்டின் தலைப்பைக் கோப்பிலிருந்து படித்து அச்சுக்கு அனுப்ப, நானும் ‘சார்’ தான் போட்டேன். காலையில் பசியாறிவிட்டுப் போய்ப் பார்த்தால், தாள் சுருள் முழுக்கக் கழன்று கொட்டகை வாசலைத் தாண்டி லோரி நிற்கும் இடம் வரை கிடக்கிறது. அத்தனையிலும் புள்ளி வைத்த ஒரே எழுத்து. ‘-வெக்ஸ்ட்ரா’ போட்டிருந்தால் ‘இந்த ஒப்பீடு எப்போதும் உண்மைதான்’ என்று கம்பைலரே சொல்லியிருக்கும். நான் போடவில்லை. ‘சார்’ ஐ வலுக்கட்டாயமாக மைனஸ் தாங்க வைக்கும் ஆப்ஷன் ஒன்று உண்டு. அதைத் தொடாதே. நிரலில் உள்ள பிழையை பில்ட் ஸ்கிரிப்டில் ஒளித்து வைத்தால், வேறொருவர் வேறு ஸ்கிரிப்டில் கட்டும்போது அது மறுபடி எழுந்து வரும்.

இதே நிரல் கிராணியின் விண்டோஸில் வேறொரு கூத்து அடித்தது. எடையைக் கிராமிலும் விலையைக் கிலோவுக்கு இத்தனை சென் என்றும் வைத்து, இரண்டையும் பெருக்கி ‘லாங்’ வகையில் போட்டிருந்தேன். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் ‘லாங்’ 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான், 2,147,483,647 க்கு மேல் தாங்காது. ஒருவரின் மாதக் கணக்கு 27 டன், கிலோ 80 சென். கிராமாக்கிப் பெருக்கினால் 2,160,000,000, வரம்பைத் தாண்டிவிட்டது. வர வேண்டியது 21,600 வெள்ளி. சீட்டில் வந்தது மைனஸ் 21,349 வெள்ளி 67 சென். கிராணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு மோட்டாரில் கடைக்கே வந்துவிட்டார். “அண்ணே, பழம் போட்டவரே நமக்குக் காசு கட்டணுமா?” என்றார் முகத்தைத் துளியும் மாற்றாமல். அன்றிலிருந்து எண்ணின் அகலம் முக்கியம் என்றால் ‘இன்ட்64_டி’ தான் எழுதுகிறேன்.

நிரலில் தமிழில் எழுதிய சொற்கள் லினக்ஸில் சரியாக வருகின்றன. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவில் கம்பைல் செய்தால் கோடும் கொக்கியுமாக வருகின்றன. விண்டோஸுக்குத் தமிழ் தெரியாதா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கூலிம்

தெரியும் டீச்சர். ஆனால் நீங்கள் கோப்பை யூடிஎஃப்-8இல் (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) எழுதியிருக்கிறீர்கள் என்று அந்தக் கம்பைலருக்கு யாரும் சொல்லவில்லை. கோப்பின் தலையில் அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், அந்தக் கணினியின் பழைய எழுத்துப் பட்டியல்படி அது படிக்கும். பழைய முறையில் அரபுக்கு ஒரு பட்டியல் இருந்தது, தாய் மொழிக்கு ஒன்று இருந்தது, தமிழுக்கு விண்டோஸில் அப்படிக் கணினியின் பட்டியலாக ஒன்று இருந்ததில்லை. விண்டோஸ் தானாகவே தமிழைத் தாங்கியது யூனிகோடில்தான். ஆகவே அது எந்தப் பட்டியலை எடுத்தாலும் நமக்கு ஆகாது. பில்ட் ஸ்கிரிப்டில் மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு மட்டும் ‘/யூடிஎஃப்-8’ ஆப்ஷனைச் சேருங்கள். ஜிசிசியும் கிளாங்கும் கேட்காமலே யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். கறுப்புத் திரையில் ஓட்டுவதானால் முதலில் ‘சிஹெச்சிபி 65001’ என்று தட்டிவிடுங்கள்.

அப்புறம், மாணவர் பேரை 20 இடத்துக்குள் வரிசையாக அச்சடிக்கப் பார்த்தால் கோணலாக வரும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என்று ஐந்து குறி, ஆக 15 பைட். சி மொழியின் ‘பிரின்ட்எஃப்’ எண்ணுவது பைட்டைத்தான். நடு எழுத்தில் வெட்டி விடவும் அதற்குத் தயக்கம் கிடையாது. இதற்குப் பில்ட் ஸ்கிரிப்டில் மருந்து இல்லை, நிரலில்தான் எண்ணிச் சரிசெய்ய வேண்டும்.

மேக், ஆட்டோகான்ஃப், சிமேக், மெசான். எதைக் கற்றுக்கொள்வது?
– மின்னஞ்சலில் கேட்டவர்

ஐந்தாறு கோப்பு, நீங்கள் ஒருவர்தான் ஆள் என்றால் மேக் போதும். விண்டோஸும் உண்டு, அடுத்தவர் விஷுவல் ஸ்டூடியோவில் திறப்பார் என்றால் சிமேக். அதன் மொழி எனக்குப் பிடிக்காது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மருத்துவப் பட மென்பொருளுக்காகப் பிறந்தது, அன்றிலிருந்து ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி வளர்ந்திருக்கிறது. ஆனால் போகிற இடமெல்லாம் அதுதான் இருக்கும். மெசான் எழுத்து படிக்க இனிமை, பைத்தான் போட்டிருக்க வேண்டும். ஆட்டோகான்ஃப் யூனிக்ஸ் உலகத்துக்கு நல்லது, விண்டோஸில் அதற்கென்று ஒரு ஷெல்லையே கொண்டுவர வேண்டியிருக்கும்.

எதை எடுத்தாலும் கம்பைலருக்கு ஒரு பில்ட் கோப்புறை என்று தனியாக வையுங்கள். சிமேக் ஒரு தடவை சோதித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, கம்பைலர் மாறியபின்னும் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் அந்தக் கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். என் கடைக்கு வரும் பிரச்சினைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கோப்புக்கு ‘ஆக்ஸ்’, ‘கான்’ என்று மட்டும் பேர் வைக்காதீர்கள். விண்டோஸ் அவற்றைத் தன் பழைய சாதனங்களின் பேர் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது, பின்னால் ‘.சி’ சேர்த்தாலும் தகராறுதான்.

என் மகன், நிரல் மேக்கிலும் ஓடுகிறதா என்று பார்க்க மேக் கணினி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். செம்பனைத் தோட்டச் சம்பளத்தில் அதற்கு எங்கே போவது? அது இல்லாமல் முடியாதா?
– ஒரு தாய், பாடாங் செராய்

முடியும் அம்மா, வாங்காதீர்கள். அவன் நிரலை கிட்ஹப் என்ற தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தால், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற சேவை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் காசில்லாமல் கட்டிப் பார்த்துக் கொடுக்கும். ஒவ்வொரு தடவை அவன் மாற்றி அனுப்பும்போதும் மூன்றிலும் ஓடும், எது உடைந்தது என்று சிவப்பில் காட்டும். சனிக்கிழமை மதியம் கடைக்கு அனுப்புங்கள், ஒரு மணி நேரத்தில் அமைத்துக் கொடுக்கிறேன். மகளின் பழைய மேக்கும் இங்கேதான் இருக்கிறது. திரையில் ஒரு கீறல் உண்டு, கம்பைலருக்கு அது தெரியாது.